அஞ்சல்தலைப் போட்டியில் தங்கம் என்றால் முதல் பரிசு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அஞ்சல்தலைக் கண்காட்சி எந்த ஊரில் நடந்தாலும் மறுநாள் நாளிதழ்களில் வரும் செய்தி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. இத்தனை ஆயிரம் தலைகள் வைக்கப்பட்டிருந்தன, மாணவர்கள் ஆர்வமாகப் பார்த்தார்கள், இன்னார் தங்கப் பதக்கம் பெற்று முதலிடம் பிடித்தார். இதில் கடைசித் தகவல் தவறு. விதிமுறைப்படி நடக்கும் போட்டிப் பிரிவில் முதலிடம், இரண்டாமிடம் என்பதே கிடையாது. ஒவ்வொரு தொகுப்பையும் நடுவர்கள் தனித்தனியாக 100 மதிப்பெண்ணுக்குத் திருத்துகிறார்கள். எந்தக் கோட்டைத் தாண்டுகிறதோ அந்தப் பதக்கம். ஒரே கண்காட்சியில் பத்துப் பேர் தங்கம் வாங்கலாம், ஒருவர்கூட வாங்காமலும் போகலாம். பக்கத்து ஃப்ரேமில், அதாவது தொகுப்பின் பக்கங்களை மாட்டிவைக்கும் சட்டகத்தில், இருப்பவரோடு போட்டியே இல்லை.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியவில்லை. பதக்கத்தை இடவரிசையாகப் புரிந்துகொள்வதால்தான் நம் ஊர் சேகரிப்பாளர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் வெள்ளியிலேயே நிற்கிறார்கள். வெள்ளிப் பதக்கம் கையில் வந்ததும், "அவர் என்னைவிட அரிய தலை வைத்திருந்தார் போலிருக்கிறது" என்று எண்ணி அடுத்த ஏலத்தில் பணத்தைக் கொட்டுகிறார்கள். மதிப்பெண் போன இடமோ வேறாக இருக்கும்.

உலக அளவிலான கண்காட்சிகள் எஃப்.ஐ.பி. எனப்படும் சர்வதேச அஞ்சல்தலைக் கூட்டமைப்பின் விதிகளின்படி நடக்கின்றன. 1926-ல் தொடங்கிய அமைப்பு. அதன் அளவுகோலில் 60 மதிப்பெண் வெண்கலம், 65 வெள்ளி வெண்கலம், 70 வெள்ளி, 75 பெரு வெள்ளி, 80 வெர்மெயில், 85 பெரு வெர்மெயில், 90 தங்கம், 95 பெருந்தங்கம். வெர்மெயில் என்பது தங்க முலாம் பூசிய வெள்ளி. 60-க்குக் கீழே போனால் பங்கேற்புச் சான்றிதழ் மட்டுமே. தேசிய, மாநில அளவில் இந்தக் கோடுகள் சற்றுக் கீழே இருப்பது வழக்கம். எனவே மாநிலத்தில் வாங்கிய தங்கத்தையும் உலகக் கண்காட்சியில் வாங்கிய தங்கத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. உலகக் கண்காட்சிக்கு விண்ணப்பம் போடுவதற்கே தேசியக் கண்காட்சி ஒன்றில் குறைந்தது 75 வாங்கியிருக்க வேண்டும். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாக ஏறித்தான் அங்கே போக முடியும்.

இடவரிசைக்குச் சற்று நெருங்கி வருவது கிராண்ட் பிரீ எனப்படும் பெரும்பரிசு மட்டும்தான். உலகக் கண்காட்சியில் அது மூன்று. கண்காட்சி நடத்தும் நாட்டைப் பற்றிய தொகுப்புகளில் சிறந்ததற்கு ஒன்று, மற்றவற்றில் சிறந்ததற்கு ஒன்று, ஏற்கெனவே பெருந்தங்கங்களைக் குவித்து சாம்பியன் பிரிவுக்குப் போய்விட்ட தொகுப்புகளில் ஒன்றுக்கு மூன்றாவது. நம்மில் பெரும்பாலோருக்கு இது தூரத்துப் பேச்சு.

அந்த 100 எப்படிப் பிரிகிறது என்பதுதான் முக்கியம். தலைகளையே ஆராயும் பாரம்பரியப் பிரிவு, கடிதங்கள் போன வழியையும் கட்டணத்தையும் ஆராயும் அஞ்சல் வரலாற்றுப் பிரிவு இரண்டிலும் கணக்கு ஒன்றே. பொருளை எடுத்து வளர்த்துச் சொல்லும் விதத்துக்கு 20, எடுத்துக்கொண்ட பொருளின் முக்கியத்துவத்துக்கு 10, அஞ்சல்தலை அறிவுக்கும் சொந்த ஆய்வுக்கும் சேர்த்து 35, பொருட்களின் நிலைக்கு 10, அரிதான தன்மைக்கு 20, பக்கங்களின் தோற்றத்துக்கு 5. காசு கொடுத்து வாங்கக்கூடியது நிலையும் அரிதும் மட்டுமே. இரண்டும் சேர்ந்து 30-தான். 65 மதிப்பெண் யோசித்தும் படித்தும் எழுதியும் வாங்க வேண்டியது. ஆனால் நாம் அதிகம் மெனக்கெடுவது எதற்கு? வண்ண பார்டர், பளபளப்புத் தாள், ஒவ்வொரு பக்கத்திலும் பூவேலைத் தலைப்பு. இத்தனையும் அந்த 5 மதிப்பெண்ணுக்காக. அதிலும் கண்ணைப் பறிக்கும் அலங்காரம் தலையை மறைத்தால், அந்த 5-லும் ஒன்றிரண்டு போய்விடும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். இரண்டு பாரம்பரியத் தொகுப்புகள், இரண்டுக்கும் 72, இரண்டுக்கும் வெள்ளி. முதல் தொகுப்புக்கு மேலே சொன்ன வரிசைப்படி 12, 6, 23, 9, 17, 5. இரண்டாவதற்கு 17, 7, 29, 6, 9, 4. முதலாமவரிடம் நல்ல சரக்கு இருக்கிறது, சொல்லத் தெரியவில்லை. அவர் இன்னும் ஒரு லட்சம் செலவழித்தாலும் அரிதில் மீதமிருப்பது 3 மதிப்பெண்தான். ஆறு மாதம் உட்கார்ந்து படித்து எழுதினால் 80-ஐத் தொட்டுவிடலாம். இரண்டாமவருக்கு விஷயம் தெரியும், ஆனால் ஓரத்துப் பல் உடைந்த தலைகளையும் கறை படிந்த கவர்களையும் மாற்றியாக வேண்டும், தேடலிலும் இறங்க வேண்டும். இருவருக்கும் "வெள்ளி" என்று ஒரே சான்றிதழைக் கொடுத்து அனுப்பினால், எதைச் செய்ய வேண்டும் என்று இருவருக்குமே தெரியாது. மதிப்பெண் பிரிவைக் கொடுத்தால் தெரியும். இந்தக் கடிதம் எழுதுவதே இதற்காகத்தான்.

அறிவுக்கான 35 எங்கே போகிறது என்பதற்கு ஒரு கவரை எடுத்துக்கொள்வோம். 1957 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் தசம நாணயம் வந்தது. ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா. அன்றே இந்திய வரைபடம் போட்ட புதிய தலைகளும் வெளிவந்தன. அவற்றில் 13 நயா பைசா என்றொரு விலை இருக்கிறது. இந்தத் தலை ஒட்டிய கவரின் கீழே பலரும் எழுதுவது: "இந்திய வரைபடம் பொறித்த அழகிய தலை, 1957." இது நடுவருக்கு எதையும் சொல்லவில்லை, வரைபடம் அவர் கண்ணுக்கே தெரிகிறது. எழுத வேண்டியது இப்படி: "உள்நாட்டுக் கடிதக் கட்டணம் 2 அணா. ரூபாய்க்கு 16 அணா என்பதால் 2 அணா 12½ நயா பைசா ஆகிறது. அதை முழுமையாக்கி 13. கட்டணம் முழுவதையும் ஒரே தலையால் செலுத்திய கவர். முத்திரை 1957-ஐச் சேர்ந்தது என்பதால் நீர்க்குறி: நட்சத்திரங்கள்." நீர்க்குறி என்பது தாள் செய்யும்போதே அதில் பதியும் மங்கலான அடையாளம். இந்த நாலு வரியில் கட்டணம், அதற்கான காரணம், பயன்பாடு, அச்சு விவரம் நான்கும் வந்துவிட்டன. அடுத்த பக்கத்தில் 1958 முதல் வந்த அசோகர் தூண் சிங்க நீர்க்குறி கொண்ட அச்சை வைத்து வேறுபாட்டைக் காட்டினால் அது வளர்ச்சி. மாற்றக் காலத்தில் பழைய அணாத் தலையும் புதிய நயா பைசாத் தலையும் கலந்து ஒட்டிய கவர் ஒன்றை அதன் கூட்டல் கணக்கோடு வைத்தால், பொருளைக் கையாண்ட விதத்துக்கும் மதிப்பெண் ஏறும். மூன்றும் சேர்ந்து பெரிய செலவு ஆகாது.

நீர்க்குறியைப் பார்க்க தலையைக் கறுப்புத் தட்டில் முகம் கீழாகப் போட்டு நீர்க்குறித் திரவம் இரண்டு சொட்டு விட வேண்டும். கவரில் ஒட்டிய தலைக்கு இது முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் வேறு ஆதாரம் இல்லாமல் நீர்க்குறியை எழுதாதீர்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதிய ஒரு வரியை நடுவர் பிடித்துவிட்டால் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

அரிதும் விலையும் ஒன்று என்பது அடுத்த தவறான எண்ணம். 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான காந்தி தலைகளில் 10 ரூபாய்த் தலை எல்லோருக்கும் ஆசை. விலையும் அதிகம். ஆனால் பயன்படுத்தாத தலையாக அது ஏலங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அதே தலை உண்மையான தபாலில், சரியான கட்டணத்துக்கு ஒட்டப்பட்டுப் போன கவரைத் தேடிப் பாருங்கள், அப்போது அரிது என்றால் என்னவென்று தெரியும். சாதாரணத் தலையாக இருந்தாலும், அது செய்த வேலை அபூர்வமாக இருந்தால் நடுவர் அதற்கு மதிப்பெண் கொடுப்பார், அந்த வேலை என்னவென்று நீங்கள் எழுதியிருந்தால்.

முக்கியத்துவத்துக்கான 10-ஐப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொருளைத் தேர்ந்தெடுத்த அன்றே அது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. 1854-ன் இந்தியத் தலைகளுக்கும் சமீபத்தில் வந்த ஒரே ஒரு நினைவுத் தலைக்கும் இதில் சமமான மதிப்பெண் கேட்க முடியாது.

தமிழ்நாட்டில் அதிகம் பேர் நுழைவது கருப்பொருள் பிரிவில். பறவை, ரயில், கோயில், காந்தி. இங்கே கணக்கு வேறு: தலைப்பும் திட்டமும் 15, வளர்ச்சி 15, புதுமை 5, கருப்பொருள் அறிவு 15, அஞ்சல்தலை அறிவு 15, நிலை 10, அரிது 20, தோற்றம் 5. திட்டத்துக்கே 15 இருப்பதைக் கவனியுங்கள். "உலகப் பறவைகள்" என்று தலைப்பு வைத்து, அ முதல் ஔ வரை பறவைகளை அடுக்கினால் அது திட்டம் ஆகாது, அது பட்டியல். ஒரு பக்கத்தை உருவிவிட்டு வேறு பக்கத்தைச் செருகினால் ஒன்றும் கெடவில்லை என்றால் அந்தத் தொகுப்பில் கதையோட்டம் இல்லை என்று பொருள்.

உப்பு என்று ஒரு பொருளை எடுப்போம். கடலிலும் பாறையிலும் உப்பு எப்படி உண்டாகிறது, மனிதன் அதை எப்படி எடுத்தான், எந்த வழியில் கொண்டுபோனான், அரசுகள் அதன்மேல் எப்படி வரி போட்டன, அந்த வரியை எதிர்த்து என்ன நடந்தது, இன்று சமையலறையிலும் தொழிற்சாலையிலும் அது என்ன செய்கிறது என்று ஆறு அத்தியாயம் பிரிக்கலாம். வரி எதிர்ப்பு அத்தியாயத்துக்கு 1980-ல் தண்டி யாத்திரையின் 50-ஆம் ஆண்டுக்கும் 2005-ல் 75-ஆம் ஆண்டுக்கும் வந்த இந்தியத் தலைகள் உண்டு. ஆனால் வெறும் தலைகளோடு நின்றால் அஞ்சல்தலை அறிவு 15-ல் பாதிகூடத் தேறாது. கட்டணத் தலை அச்சிலேயே வரும் கார்டு, உறை, இன்லண்ட் லெட்டர், இயந்திர முத்திரை, விளம்பர முத்திரை, தலைச் சிறுபுத்தகம், ஊர்ப்பெயர் முத்திரை எல்லாம் கலந்து வர வேண்டும். ராஜஸ்தானில் உப்பு எடுக்கும் சம்பார் ஏரியின் அஞ்சலக முத்திரை பதிந்த ஒரு பழைய கார்டு, உப்பு எடுக்கும் அத்தியாயத்தில் ஒரு புத்தம் புதிய தலையைவிட நன்றாகப் பேசும். சென்னை மாகாணத்தின் உப்பு, ஆப்காரி (மது வரி) துறையிலிருந்து, அரசு அலுவலகங்களுக்கான சர்வீஸ் தலை ஒட்டிப் போன கவர் கிடைத்தால் வரி அத்தியாயமே நிமிர்ந்துவிடும். 2002-ல் வந்த மேகதூத் கார்டுகளையும் யாரும் அலட்சியப்படுத்த வேண்டாம். 25 காசுக்கு விற்ற அந்தக் கார்டில் அச்சான விளம்பரம் அஞ்சல் துறையே வெளியிட்டது. ஆகவே கருப்பொருளுக்குச் செல்லுபடியாகும்.

செல்லுபடியாகாதது எது என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். அதில் முதலிடம் சிறப்பு அஞ்சல் உறைக்கு. நம் மாநிலத்தில் புவிசார் குறியீடு பெற்ற பொருட்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் கல்லூரி ஆண்டு விழாக்களுக்கும் இவை நிறைய வந்திருக்கின்றன. உறையின் இடது பக்கம் அச்சிட்ட படம் தபால் சேவைக்குச் சம்பந்தமில்லாத அலங்காரம். அஞ்சல் துறையின் கருவியால் பதிந்த சிறப்பு முத்திரை மட்டுமே அஞ்சல் பொருள். முத்திரையில் உப்பளத்தின் உருவம் இருந்தால் உப்புத் தொகுப்பில் சேரும். முத்திரையில் வெறும் தேதியும் ஊரும் இருந்து, படத்தில் மட்டும் உப்பளம் இருந்தால் சேராது. ஏ4 பக்கத்தில் இரண்டு முழு உறைகளை வைத்துவிட்டால் எழுத இடமே இருக்காது. பக்கத்தில் பிளேடால் ஒரு கீறல் போட்டு, படமுள்ள பகுதியைப் பின்னால் செருகி, தலையும் முத்திரையும் மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள். பக்கத்தைத்தான் கீற வேண்டும். உறையை ஒருபோதும் வெட்டக் கூடாது.

மை ஸ்டாம்ப் விஷயமும் இதேதான். 2011-ல் தில்லியில் நடந்த உலகக் கண்காட்சியின்போது அறிமுகமான இந்தத் திட்டத்தில் நம் விருப்பப் படம் அச்சாவது தலையை ஒட்டிய பகுதியில். அந்தப் படத்தைக் கருப்பொருளுக்கு ஆதாரமாகக் காட்டினால் நடுவர் ஏற்க மாட்டார். இல்லாத நாடுகளின் பெயரில் வரும் போலி வெளியீடுகளையும், தனியார் ஒட்டும் சீட்டுகளையும் சேர்த்தாலும் மதிப்பெண் குறையும். அஞ்சலோடு தொடர்பில்லாத படங்களும் பொருட்களும் வைத்தே தீர வேண்டும் என்பவர்களுக்குத் திறந்த பிரிவு என்று தனியே ஒன்று இருக்கிறது. அதில் குறைந்தது பாதி அஞ்சல் பொருளாக இருந்தால் போதும். தவறான பிரிவில் பெயர் கொடுத்துவிட்டு நடுவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

படத்தோடு ஒத்துப்போகும் தலையை அஞ்சலட்டையின் படப் பக்கத்திலேயே ஒட்டி முத்திரை பதிக்கும் மேக்ஸிமம் கார்டுக்கும் தனிப் பிரிவு உண்டு. அட்டை, தலை, முத்திரை மூன்றும் பொருளாலும் இடத்தாலும் காலத்தாலும் ஒத்துப்போக வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் தலைக்கு தஞ்சாவூர் முத்திரை சரி. வேறு ஏதோ ஊர் முத்திரை சரியல்ல. தலையில் உள்ள படத்தையே பெரிதாக்கி அட்டையில் அச்சடிப்பதும் ஏற்கப்படாது.

அறிமுகப் பக்கம் தொகுப்பின் முதல் பக்கம். அதை அவசரமாகக் கடைசி நாளில் அடிப்பதுதான் வழக்கமாக இருக்கிறது, அதைக் கடைசி நாளுக்கு விடாதீர்கள். நடுவர்கள் ஒவ்வொரு தொகுப்பின் முன்னும் நிற்கும் நேரம் குறைவு. எதைச் சொல்ல வருகிறீர்கள், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எதை வேண்டுமென்றே விட்டுவிட்டீர்கள், அத்தியாயங்கள் எவை, எந்தெந்தப் பொருட்கள் முக்கியமானவை, சொந்தமாகக் கண்டறிந்தது என்ன என்பதை அந்த ஒரு பக்கத்தில் அவர் படித்துவிட வேண்டும். அறிமுகப் பக்கம் ஆறு அத்தியாயம் என்று சொல்லி உள்ளே ஐந்து இருந்தால், திட்டத்துக்கான மதிப்பெண்ணில் அங்கேயே வெட்டு விழும். கருப்பொருளின் விக்கிப்பீடியா வரலாறு அங்கே வேண்டாம். தேசிய, உலக அளவில் சினாப்ஸிஸ் என்று இரண்டு பக்கச் சுருக்கம் முன்கூட்டியே கேட்பார்கள். நடுவர்கள் வீட்டிலிருந்தே படித்துத் தயாராவதற்கு அது. அதை அனுப்பாதவர் தன் தொகுப்பை முன்பே விளக்கிச் சொல்லும் வாய்ப்பைக் கைவிடுகிறார்.

ஒரு ஃப்ரேமில் 16 ஏ4 பக்கங்கள், நான்கு வரிசைக்கு நான்கு. உலகக் கண்காட்சியில் புதிதாக வருபவருக்கு 5 ஃப்ரேம், அதாவது 80 பக்கம். முன்பு அங்கே 85 அல்லது அதற்கு மேல் வாங்கியிருந்தால் 8 ஃப்ரேம், 128 பக்கம். ஒற்றை ஃப்ரேம் பிரிவும் உண்டு. கையில் 16 பக்கத்துக்கு மட்டுமே சரக்கு இருப்பவர் அதை 80 பக்கமாக இழுத்தால் தொகுப்பு நீர்த்துப்போகும். ஒரே மாதிரித் தலைகள் பக்கம் பக்கமாக வரும்போது அது நடுவர் கண்ணில் உடனே படும். புதிதாகத் தொடங்குபவருக்கு ஒற்றை ஃப்ரேம்தான் நல்ல பள்ளிக்கூடம் என்பது என் உறுதியான கருத்து.

பக்கங்களுக்கு வெள்ளை அல்லது இளம் தந்த நிறத்தில் கெட்டித் தாள் போதும். கறுப்புப் பின்னணி வேண்டாம். எழுத்து, நின்றுகொண்டு படிக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். நகல் வைத்தே ஆக வேண்டுமானால், உதாரணமாகக் கவரின் பின்பக்க முத்திரையைக் காட்ட, அசலின் அளவிலிருந்து குறைந்தது 25 சதவீதம் சிறிதாகவோ பெரிதாகவோ எடுத்து, அது நகல் என்று எழுதிவிட வேண்டும். அசல் அளவில் வண்ண நகலை வைப்பது விதிமீறல். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிக் கண்ணாடித் தாள் உறையில் போட்டு, பின்னால் ஃப்ரேம் எண்ணையும் பக்க எண்ணையும் எழுதுங்கள். மாட்டுகிறவர்களுக்கு உங்கள் கதை தெரியாது. எண் இல்லாவிட்டால் மூன்றாம் அத்தியாயம் இரண்டாவதற்கு முன்னால் போய்விடும். நடுவர் கண்டபடியே மதிப்பெண் போடுவார்.

நிலைக்கான 10 பெரும்பாலும் நம் வீட்டிலேயே தொலைந்துபோகிறது. மெல்லிய பி.வி.சி. ஆல்பத் தாள்கள் வெயிலில் வேர்க்கும். பிளாஸ்டிக்கை மிருதுவாக வைக்கச் சேர்த்த ரசாயனம் வெளியே கசிந்து, தலையின் மையை இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் உறைகள் அப்படிச் செய்யாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களில் பயன்படுத்தாத தலைகளின் பசை ஈரத்தை உறிஞ்சி ஆல்பத்தோடு ஒட்டிக்கொள்ளும், பழுப்புப் புள்ளிகளும் அப்போதுதான் வரும். ஆல்பங்களைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள், அலமாரியில் சிலிக்கா ஜெல் போடுங்கள், அது தலைகளைத் தொடக் கூடாது, மாதம் ஒருமுறை வெயிலில்லாத காற்றில் பக்கங்களைப் பிரித்து விடுங்கள். பசையுள்ள தலைக்கு ஹிஞ்ச் எனும் ஒட்டுத் துண்டை ஒட்டினால் பசை கெட்டுப்போகும், மவுன்ட் எனும் ஒளிபுகும் சிறு உறையில் போடுங்கள். கவரைப் பக்கத்தில் பொருத்த நான்கு மூலைப்பிடிகள் போதும். செலோ டேப் பட்ட கவரின் பழுப்புக் கறையை எந்த ரசாயனமும் முழுதாக எடுக்காது.

போலிகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1852-ன் சிந்து டாக் தலைகளுக்கும், 1854-ன் நாலணாத் தலையில் அரசியின் முகம் தலைகீழாக அச்சான பிழைக்கும், காந்தி 10 ரூபாய் மேல் 'சர்வீஸ்' என்று அச்சிட்டதற்கும் போலிகள் ஏராளம். கடைசியாகச் சொன்னதில் அன்றைய கவர்னர் ஜெனரலின் பயன்பாட்டுக்காக அச்சானதே 100 தலைகள்தான். புதுச்சேரியில் பழகிய பிரெஞ்சு இந்தியத் தலைகளின் மேல் பிறகு அச்சிட்ட 'பிரான்ஸ் லிப்ர்' (சுதந்திர பிரான்ஸ்) என்ற மேலச்சுக்கும் இதே ஆபத்து உள்ளது. சந்தேகம் வந்தால் ஃப்ரேமைத் திறந்து பார்க்கும் அதிகாரம் உலகக் கண்காட்சிகளில் நிபுணர் குழுவுக்கு உண்டு. நிபுணர் சான்றிதழ் இருந்தால் அதை அந்தப் பக்கத்தின் பின்னாலேயே வைத்து, முன்னால் சிறு குறியீடு போடுங்கள். போலி என்று தெரிந்தே ஒப்பீட்டுக்காக வைத்தால் "போலி" என்று தெளிவாக எழுதிவிட்டால் குற்றமில்லை. மறைத்தால் தொகுப்பின் மொத்த மதிப்பெண்ணும் சரியும்.

பள்ளி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017-ல் தொடங்கிய தீனதயாள் ஸ்பர்ஷ் உதவித்தொகை 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை படிக்கும், அஞ்சல்தலை சேர்க்கும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறது. அதற்கு ஒரு அஞ்சல்தலைப் பணித்திட்டம் செய்ய வேண்டும். பல பள்ளிகளில் ஆசிரியர்கள் இணையத்தில் எடுத்த படங்களைத் தலைகளோடு சேர்த்து ஒட்டச் சொல்கிறார்கள். அது வேண்டாம். 16 தலைகளே இருந்தாலும், ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்று குழந்தை ஒரு வரி எழுதினால் போதும். இளையோர் பிரிவில் சிறு வயதினருக்குத் தோற்றத்துக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு என்பது உண்மைதான், ஆனால் அதுவும் தலைகளை ஒழுங்காக அமைப்பதற்குத்தான்.

இனி என் வேண்டுகோள். கண்காட்சி நடத்துவோர், மாவட்ட அளவாக இருந்தாலும் சரி மாநில அளவாக இருந்தாலும் சரி, சான்றிதழோடு ஒவ்வொரு தலைப்புக்கும் கொடுத்த மதிப்பெண்ணையும் எழுதி ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் கொடுக்க வேண்டும். நடுவர்கள் அந்த எண்களைப் போட்டுத்தான் பதக்கத்தை முடிவு செய்கிறார்கள், எனவே புதிதாக வேலை எதுவும் இல்லை, அரைத் தாள் காகிதம்தான் செலவு. முடிவு அறிவித்த பிறகு ஒரு மணி நேரமாவது நடுவர்கள் ஃப்ரேம்களின் முன்னால் நின்று, எந்தப் பக்கத்தில் மதிப்பெண் போனது என்று தமிழிலேயே விளக்க வேண்டும். உலகக் கண்காட்சிகளில் இது நடைமுறையில் உள்ளதே. விதிப்புத்தகத்தையும் மதிப்பெண் பட்டியலையும் தமிழில் அச்சிட்டு விண்ணப்பப் படிவத்தோடு கொடுத்தால் மதுரையிலும் திருநெல்வேலியிலும் இருக்கும் சேகரிப்பாளருக்குச் சென்னையில் யாரையாவது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பத்திரிகைகளிடமும் ஒன்று கேட்கிறேன். கண்காட்சிச் செய்தியில் பதக்கத்தோடு பிரிவு, ஃப்ரேம் எண்ணிக்கை, மதிப்பெண் ஆகிய மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். "அஞ்சல் வரலாற்றுப் பிரிவு, 5 ஃப்ரேம், 83 மதிப்பெண்" என்று ஒரு வரி போதும். அதைப் படிக்கும் இன்னொரு ஊர்க்காரர் தன் தொகுப்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்வார்.

இப்படிக்கு,
அஞ்சல்தலை சேகரிப்பாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி